பன்னிரண்டாம் கொட்டடியின் வாளி

நான் இதில் நடந்தது அனைத்தையும் உண்மையாக எழுதப் போகிறேன். என்னைப் பற்றி நன்றாகத் தோன்றும் பகுதிகளை நீட்டியும் மற்றவற்றைச் சுருக்கியும் எழுத மாட்டேன். வழக்கமாக வந்தவர் சொல்லச் சொல்ல எழுத்தர்தான் எழுதுவார் என்றும், நான் கேட்டுக்கொண்டதால் என்னையே எழுத அனுமதிப்பதாகவும் இந்தக் காவல் நிலையத்தின் பெண் ஆய்வாளர் கூறினார். எழுத்தர், "என் கைக்கு இன்னைக்கு லீவு" என்று சொல்லித் தன் பேனாவை எனக்குக் கொடுத்தார். அதன் பிறகு அவர், "கதை மாதிரி எழுதாதம்மா. இத்தனை மணிக்கு இது நடந்துச்சு, அதன் பிறகு இது நடந்துச்சுன்னு நேரா போயிட்டே இரு. நடுவுல வானம், மேகமெல்லாம் வேணாம்" என்றார். அப்படியே எழுதுகிறேன்.

என் வயது பதினான்கு முடிந்து இரண்டு மாதம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறேன். நான் சிறுமி என்பதால் என் பெயர் தனித் தாளில் எழுதப்பட்டு உறையிலிட்டு ஒட்டப்பட்டுள்ளது. இதில் வரும் மற்றவர்களையும் உறவாலோ வேலையாலோ என் அக்கா வேலை செய்யும் குதிரை லாயத்தில் அவர்களைக் கூப்பிடும் பெயராலோ குறிப்பிட்டால் போதும் என்று ஆய்வாளர் கூறினார். வசிப்பது மூன்றாம் மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே உள்ள இடது பக்க வீட்டில். ஓர் அறை, ஒரு சமையலறை. தொட்டி நிரம்பும்போது கூரையில் சத்தம் கேட்கும்.

அப்பா சரக்குக் கப்பலில் இயந்திரப் பிரிவில் வேலை செய்கிறார். வருடத்தில் இரண்டு முறை வருவார். அம்மா எனக்கு ஆறு வயதாக இருந்தபோது காலமானார். அக்கா என்னை விட ஒன்பது வயது மூத்தவள். அந்த வருடம் அவள் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினாள். எனக்குத் தலை வாரி, சாப்பாடு கட்டிக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்ப வேறு ஆள் இல்லாததால் நிறுத்தினாள். இப்போது என் பக்கத்தில் பாதுகாவலராக உட்கார்ந்திருப்பவர் சித்தி, அம்மாவின் தங்கை. அவர் ஊரின் மறு கோடியில் இருக்கிறார். தகவல் கிடைத்து வந்த அக்கா, இந்த அறைக்குள் வரக் கூடாது என்பதால் வெளியே வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நடுவில் கண்ணாடிச் சன்னல் இருக்கிறது. நான் பேனாவை எடுத்தபோது அவள் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அதன் பிறகு ஆட்டவில்லை.

அக்கா பந்தயக் குதிரைகள் பன்னிரண்டு உள்ள ஒரு லாயத்தில் நான்கு வருடம் சாதாரணப் பராமரிப்பாளராக வேலை செய்தாள். அதன் பிறகு, இரண்டு வருடத்துக்கு முன்னால், அங்கேயே முதுநிலைப் பராமரிப்பாளர் பயிற்சியில் சேர்ந்தாள். சாதாரணப் பராமரிப்பாளர் சொன்னதைச் செய்வார். முதுநிலைப் பராமரிப்பாளர் ஒவ்வொரு குதிரைக்கும் என்ன செய்வது என்று முடிவு செய்வார், எது நடந்தாலும் பதில் சொல்வார். பயிற்சிக்கு ஒரு பதிவேடு உண்டு. அதில் நூற்று நாற்பது வேலைகள் அச்சிடப்பட்டிருக்கும். குளம்பில் சூடு இருக்கிறதா என்று உள்ளங்கையால் பார்ப்பது, காலுக்குக் கட்டுப் போடுவது, வண்டியில் ஏற மறுக்கும் குதிரையை அடிக்காமல் ஏற்றுவது, மருத்துவரை எப்போது கூப்பிட வேண்டும், எப்போது கூப்பிட வேண்டாம் என்று தெரிந்திருப்பது என ஒவ்வொன்றையும் செய்து காட்டி, தலைமைப் பராமரிப்பாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவரை லாயத்தில் 'கடிகாரம்' என்று கூப்பிடுவார்கள். கேள்வி எதுவானாலும் முதலில் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். நூற்று நாற்பதில் அக்கா நூற்று முப்பத்தாறு கையெழுத்து வாங்கியிருந்தாள். மீதி நான்கும் நாளை, வியாழக்கிழமை நடக்கும் இறுதித் தேர்வில் கிடைக்க வேண்டியவை.

மேற்படி பதிவேட்டில் உள்ள குறிப்புகள் முழுவதும் என் கையால் எழுதியவை. அக்கா நன்றாகப் படிப்பாள், ஆனால் மெதுவாகப் படிப்பாள். எழுதுவது இன்னும் மெதுவாக. அவள் பென்சிலால் சிறு நோட்டில் குறித்துத் தருவதை நான் பதிவேட்டில் மையால் எழுதுவேன். ஒரு வார்த்தையும் நானாகச் சேர்த்ததில்லை. இது தவறா என்று ஆய்வாளரிடம் கேட்டேன். "அது கடிகாரத்துக்கும் உங்க அக்காவுக்கும் உள்ள விஷயம்" என்றார். கடிகாரத்துக்கு இது முதல் மாதத்திலேயே தெரியும். அவர், "எழுத்துக்கா நான் கையெழுத்துப் போடுறேன்? வேலைக்குத்தான்" என்று சொல்லியிருக்கிறார்.

நான் பள்ளி முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் பேருந்தில் லாயத்துக்குப் போவேன். அக்காவின் வேலை முடிய ஆறு மணிக்கு மேல் ஆகும். வீட்டில் அதுவரை நான் மட்டும்தான் இருப்பேன். ஒரு முறை பள்ளி விடுமுறையில் தொடர்ந்து மூன்று நாள் வீட்டில் இருந்தபோது, மூன்றாம் நாள் பால்காரர் மணி கேட்டதற்குப் பதில் சொன்ன பிறகுதான், அன்று அதுதான் நான் பேசிய முதல் பேச்சு என்பதைக் கவனித்தேன். அதன் பிறகு லாயத்துக்குப் போகத் தொடங்கினேன். ஐந்து பத்துப் பேருந்தில் நான் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது அக்காவின் கண்டிப்பு. அடுத்த பேருந்து ஏழரைக்குத்தான்.

லாயத்தில் நான் பெரும்பாலும் இருந்தது வரிசையின் கடைசியில் உள்ள பன்னிரண்டாம் கொட்டடிக்கு வெளியே. அதில் இருந்த குதிரையின் பெயர் தபால். நெற்றியில் தபால்தலை ஒட்டியது போல ஒரு சதுர வெள்ளை இருந்ததால் அந்தப் பெயர். நான் பாடத்தையோ கதைப் புத்தகத்தையோ வாய்விட்டுப் படித்தால் அது கீழ்க்கதவின் மேல் தாடையை வைத்துக்கொள்ளும். ஒரு காது என் பக்கம் திரும்பியிருக்கும். அது நான் படிப்பதைக் கேட்கிறது என்று நான் நினைத்ததில்லை. ஆனால் காது திரும்பியிருக்கும் என்பதை எழுதுகிறேன்.

வாளி வழக்கத்தை ஆய்வாளர் விளக்கமாக எழுதச் சொன்னார். ஒவ்வொரு கொட்டடிக்கும் எண் எழுதிய ஒரு தீனி வாளி உண்டு. அது கதவுக்கு வலது பக்கம் தரையில் இருக்கும். நாளுக்கு மூன்று வேளை தீனி வண்டி வரிசையில் வரும். அதைத் தள்ளுபவரை எல்லோரும் வண்டி மாமா என்பார்கள். வாளி நிமிர்ந்திருந்தால் அவர் தானியத்தை அளந்து போட்டு உள்ளே கொடுப்பார். கவிழ்ந்திருந்தால் அந்தக் குதிரைக்கு எதுவும் தரக் கூடாது என்று பொருள். நிற்காமல் தாண்டிப் போவார். யாரிடமும் கேட்க மாட்டார், யாரும் அவரிடம் சொல்லவும் மாட்டார்கள். வேலையின்போது பேச்சு மறந்து போகும், வாளி மறந்து போகாது என்பதால் அப்படி ஏற்பாடு. வாளியைக் கவிழ்க்கும் உரிமையும் நிமிர்த்தும் உரிமையும் அந்தக் குதிரையின் பராமரிப்பாளருக்கு மட்டுமே உண்டு. இது பதிவேட்டில் இருபத்திரண்டாம் வேலை. அதை மையால் எழுதியவள் நான். ஆகவே எனக்கு அந்த வழக்கம் தெரியாது என்று சொல்ல முடியாது.

கடந்த சனிக்கிழமை பள்ளி விடுமுறை. காலை பத்தரைக்கு லாயத்துக்குப் போனேன். பதினோரு மணிக்குத் தபால் முன்னங்காலால் தரையைச் சுரண்டியது, திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தது, அதன் பிறகு படுத்து உருளப் பார்த்தது. அக்கா அதை எழுப்பி நடக்க வைத்தாள். கடிகாரம் வந்து, "டாக்டரைக் கூப்பிடலாமா, நீ சொல்லு" என்று அவளிடமே கேட்டார். "இப்பவே கூப்பிடணும்" என்றாள். அவர் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "சரி, நூத்தி முப்பத்தாறாவது வேலை முடிஞ்சுது" என்றார். அன்று வாங்கிய கையெழுத்து அதுதான்.

பதினொன்று இருபதுக்குக் கால்நடை மருத்துவர் வந்தார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் ஊற்றினார். வயிற்றில் அடைப்பு இருக்கிறது என்றும், மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் திரும்பி வரும் வரை தண்ணீர் தவிர ஒரு பிடி தானியம் கூடத் தரக் கூடாது என்றும் சொன்னார். பதினொன்று நாற்பதுக்கு அக்கா மேற்படி பன்னிரண்டாம் எண் வாளியைக் கவிழ்த்து வைத்தாள். நான் இரண்டடி தூரத்தில் நின்று பார்த்தேன். அதன் பிறகு பென்சிலால் சிறு நோட்டில் குறித்தாள். அந்தத் தாளை இத்துடன் இணைத்துள்ளேன். மதியத் தீனிக்கு வண்டி மாமா வந்தபோது கவிழ்ந்த வாளியைப் பார்த்து, "என்னடா தபாலு, இன்னைக்குப் பட்டினியா" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போனார்.

மூன்று மணிக்குக் கடிகாரம் அக்காவைத் தேர்வுக்கு ஒத்திகை பார்க்க இரண்டு குதிரைகளுடன் சாலைக்கு அப்பால் உள்ள திடலுக்கு அழைத்தார். ஆறு மணி ஆகும் என்றார். அக்கா போகும்போது என்னிடம், "நீ இருக்கிற வரைக்கும் தபாலைப் பாத்துக்கோ. படுத்து உருண்டான்னா ஓடி வந்து சொல்லு. அஞ்சு பத்துக்குக் கிளம்பிடு, அதுக்கப்புறம் மாமா வந்துடுவார்" என்றாள். அதற்கு நான், "நான் என்ன குழந்தையா, மணிக்கணக்கெல்லாம் சொல்ற" என்றேன். அவள், "குழந்தைன்னா தூக்கிட்டே போயிருப்பேனே" என்றாள்.

அந்த வரிசையில் நாற்காலி கிடையாது. வேலையில் இருப்பவர் உட்காரக் கூடாது என்பது கடிகாரத்தின் விதி. நான் வேலையில் இருப்பவள் இல்லை என்பதால் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து புத்தகம் படித்தேன். அப்போது வாளி கவிழ்ந்தே இருந்தது. நாலு பத்துக்கு அந்த இடத்தில் நிழல் விழுந்துவிட்டது. நான் வாளியை எடுத்துக்கொண்டு எட்டு அடி தள்ளி, வேலிப் பக்கம் வெளிச்சத்தில் போட்டு உட்கார்ந்தேன். அங்கே மனதுக்குள் படித்தேன். தபால் கதவின் மேல் தாடையை வைத்துக்கொண்டு நின்றது, உருளவில்லை. நான் ஐந்து ஆறு முறை நிமிர்ந்து பார்த்தேன். அதன் பிறகு கதை விறுவிறுப்பான இடத்துக்கு வந்துவிட்டதால் பார்க்கவில்லை.

ஐந்து எட்டுக்குப் பேருந்து வாசலில் ஒலி எழுப்பியது. நான் புத்தகத்தை மூடி, வாளியை ஓடிப் போய்க் கதவுக்கு வலது பக்கம் வைத்தேன். வரிசையில் மற்ற பதினொரு வாளிகளும் நிமிர்ந்திருந்தன. நானும் நிமிர்த்தியே வைத்தேன். கைப்பிடி கூட மற்ற வாளிகளைப் போல உள்பக்கம் சாய்ந்திருக்குமாறு திருத்தினேன். ஒழுங்காக வைத்தோம் என்று எனக்குத் திருப்தியாக இருந்தது. அதன் பிறகு பேருந்தில் ஏறினேன்.

இனி எழுதப் போவது யாருக்கும் தெரியாது. சித்திக்கும் தெரியாது. நான் எழுதுவதை அவர் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டே வருகிறார்.

பேருந்தில் வழக்கம் போல அக்காவின் சிறு நோட்டையும் பதிவேட்டையும் மடியில் வைத்து அன்றைய குறிப்பை எழுதத் தொடங்கினேன். நான்காவது வரி, 'வாளி கவுத்தாச்சு 11.40'. அதை, 'முற்பகல் 11.40க்குத் தீனி வாளி கவிழ்த்து வைக்கப்பட்டது' என்று மையால் எழுதினேன். எழுதி முற்றுப்புள்ளி வைத்தபோது வாளியை நான் எப்படி வைத்தேன் என்பது நினைவுக்கு வந்தது. ஓட்டுநரின் தலைக்கு மேல் உள்ள கடிகாரத்தில் ஐந்து பதினெட்டு. தீனி வண்டி வரிசையில் வருவது ஐந்தரைக்கு. அடுத்த நிறுத்தத்தில் மருந்துக் கடை இருக்கிறது, அங்கே தொலைபேசி இருக்கிறது. லாயத்தின் எண் பதிவேட்டின் அட்டையில் இருந்தது.

பேருந்து அந்த நிறுத்தத்தில் நின்றது. நான் பையை மாட்டிக்கொண்டு எழுந்தேன். அப்போது பதிவேட்டின் பின் அட்டைக்குள் செருகியிருந்த கடிதம் கீழே விழுந்தது. அதை நான் முன்பே படித்திருக்கிறேன். அது ஒரு குதிரைப் பண்ணையிலிருந்து அக்காவுக்கு வந்த கடிதம். இங்கிருந்து ரயிலில் ஒரு முழு நாள் பயணம். தேர்வில் தேறினால் அவள் அங்கே முதுநிலைப் பராமரிப்பாளராகச் சேரலாம் என்று அதில் இருந்தது. 'ஒருவர் தங்குவதற்கான அறை வழங்கப்படும்' என்றும் இருந்தது. என்னைச் சித்தி வீட்டில் விடுவதாகப் பேச்சு. சித்தி வீட்டில் எல்லோரும் நல்லவர்கள். அதையும் எழுதிவிட வேண்டும்.

நான் கடிதத்தைக் குனிந்து எடுத்தேன். எடுத்து முடிக்கும் வரை பேருந்து நின்றுகொண்டே இருந்தது. நடத்துநர் என்னைப் பார்த்து, "இறங்குறியா இல்லையாம்மா?" என்று கேட்டார். நான், "இல்ல" என்று சொல்லி உட்கார்ந்தேன்.

பெண் ஆய்வாளர் சற்று முன் இந்த இடத்தைப் படித்துவிட்டு, "அப்ப வேணும்னே செஞ்சியா?" என்று கேட்டார். இதற்கு என்னிடம் இரண்டு பதில்கள் இருக்கின்றன. வாளியை நிமிர்த்தி வைத்தது வேண்டுமென்று செய்ததல்ல. பேருந்தை விட்டு இறங்காதது வேண்டுமென்றே செய்தது. தபால் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அதற்கு மறுபடி கொஞ்சம் வயிற்றுவலி வரும், கடிகாரம் அக்காவைத் திட்டுவார், மீதி நான்கு கையெழுத்தும் கிடைக்காது, பயிற்சி இன்னும் ஒரு வருடம் நீளும், அவள் எப்போதும் போல எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்துகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். இவ்வளவையும் ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் நடுவில் நினைத்தேன். இரண்டாவது நிறுத்தத்தில் ஒருவர் மடித்த மெத்தையுடன் ஏறினார். மூன்றாவதில் யாரும் ஏறவில்லை. நான்காவதில் தபால் நிலையத்துக்கு எதிரே நின்றபோது மணி ஐந்து முப்பத்து மூன்று. ஐந்தாவது எங்கள் நிறுத்தம்.

மூன்று மாடி ஏற வழக்கத்தை விட அதிக நேரம் ஆனது. ஐந்து நாற்பத்தாறுக்கு வீட்டுத் தொலைபேசியிலிருந்து லாயத்துக்குப் பேசினேன். வண்டி மாமா எடுத்தார். நடந்த பேச்சு அப்படியே பின்வருமாறு.

"மாமா, தீனி போட்டாச்சா?"

"ஆச்சு ஆச்சு. இப்பதான் வண்டிய நிறுத்தினேன். ஏன் பாப்பா?"

"எல்லாருக்குமா?"

"பன்னெண்டு வாளியும் ஆச்சு, திடலுக்குப் போன ரெண்டுக்கும் உள்ள வெச்சுட்டேன். தபாலு வாளி நிமிந்திருந்துச்சு, உடம்பு சரியாயிடுச்சு போல. அவசர அவசரமா தின்னான். ஏன், எதாவது விட்டுட்டுப் போயிட்டியா?"

"இல்ல மாமா. சும்மா."

அதன் பிறகு தொலைபேசியை வைத்துவிட்டேன். அந்த 'சும்மா'வுக்குப் பதிலாக வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்பது எனக்குத் தெரியும். ஞாயிறு அன்று மருத்துவர் கடிகாரத்திடம், "தீனி போட்ட உடனே ஒரு போன் பண்ணியிருந்தா, நான் டவுனுக்குள்ளதான் இருந்தேன்" என்று சொன்னதாக அக்கா சித்தியிடம் தொலைபேசியில் சொல்ல, நான் சமையலறையிலிருந்து கேட்டேன்.

அக்கா ஆறு மணிக்குத் திடலிலிருந்து திரும்பி நிமிர்ந்த வாளியைப் பார்த்திருக்கிறாள். மருத்துவர் வேறொரு பண்ணைக்குப் போயிருந்ததால் வந்து சேர ஒன்பது மணி ஆகியிருக்கிறது. எட்டு மணிக்கு அக்கா வீட்டுக்குப் பேசினாள். "இன்னைக்கு வர முடியாது. கதவ உள்ள பூட்டிக்கோ. சாப்பிட்டியா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை. தபாலைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஞாயிறு காலை ஆறரைக்கு அவள் வந்தாள். குழாயடியில் வெகுநேரம் கை கழுவினாள். அதன் பிறகு, "தபால் போயிட்டான்" என்றாள். விடியும் வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடத்தியதாகவும், கடைசியில் அது நடக்க மறுத்து வேலியோரம் படுத்துவிட்டதாகவும் சொன்னாள். அதன் பிறகு மேசைமேல் இருந்த என் புத்தகத்தை எடுத்து, சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து அதற்குள் வைத்து மூடினாள். அது என் பக்க அடையாளம். தபாலின் வால் முடியைப் பின்னிப் பழகியபோது உதிர்ந்த முடிகளைச் சேர்த்து அவளே எனக்குச் சாட்டை போலப் பின்னித் தந்தது. சனிக்கிழமை அவசரத்தில் புத்தகத்திலிருந்து அது விழுந்ததை நான் கவனிக்கவில்லை. அவள் அதை வேலியோரம், கவிழ்த்த வாளியின் வாய்விளிம்பு மண்ணில் வட்டமாகப் பதிந்திருந்த இடத்தின் நடுவில் எடுத்திருக்கிறாள். ஆகவே வாளியை யார் எடுத்தார்கள் என்பது சனிக்கிழமையே அவளுக்குத் தெரியும். நான் எந்தப் பக்கத்தில் நிறுத்தியிருந்தேன் என்பது தெரியாததால் அதை வேறொரு பக்கத்தில் வைத்திருந்தாள். நான் அதை மாற்றவில்லை. அப்படியே இத்துடன் ஒப்படைக்கிறேன்.

திங்கட்கிழமை குதிரையின் சொந்தக்காரர் இந்த நிலையத்தில் புகார் கொடுத்தார். வரும் வாரப் பந்தயத்தில் அது ஓட இருந்ததால், யாரோ சொல்லி அக்கா வேண்டுமென்றே தீனி போட வைத்தாள் என்பது புகார். செவ்வாய்க்கிழமை அக்கா இங்கே வந்து, 'வாளியைக் கவிழ்க்க மறந்துவிட்டேன்' என்று வாக்குமூலம் கொடுத்தாள். வண்டி மாமா மதியம் அது கவிழ்ந்திருந்ததைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு அக்கா, மதியத்துக்குப் பிறகு துடைப்பதற்காக எடுத்ததாகவும், அதன் பிறகு கவிழ்க்க மறந்ததாகவும் சொல்லியிருக்கிறாள். அது உண்மையல்ல. அவள் அந்த வாளியைத் துடைக்கவில்லை. கடிகாரம் அவளிடம், "இருபத்திரண்டாம் வேலைல கோட்டை விட்டவளுக்கு நான் எப்படிம்மா கடைசிக் கையெழுத்துப் போடுறது" என்று கேட்டுத் தேர்விலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார். அதைச் சொல்லும்போது அவர் மணிக்கட்டைப் பார்க்கவில்லை என்று அக்கா சொன்னாள்.

செவ்வாய் மாலை நான் அவளிடம், "நீ கவுத்து வெச்ச. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்" என்றேன்.

"நீ ஒண்ணும் பாக்கல. படிச்சிட்டிருந்த. போய்ப் படி" என்றாள்.

"நான்தான் அதை எடுத்து..."

"எனக்குக் காது நல்லா கேக்குது. மெதுவா பேசு. நான் குதிரைக்காரி, எனக்கு இந்த லாயம் இல்லன்னா வேற ஒண்ணுல சாணி அள்ளப் போறேன். உன் பேருல ஒரு கேஸ் இருந்தா நீ எந்தப் பள்ளிக்கூடத்துல போய் என்னத்த படிப்ப? வாய மூடிட்டு இரு."

அதன் பிறகு அவள் பண்ணையிலிருந்து வந்த கடிதத்தை நான்காக மடித்து, சாப்பாட்டு மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் வைத்தாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த மேசை ஆடும். இன்று காலை அது ஆடவில்லை. தட்டை வைத்தேன், தண்ணீர்க் குவளையை வைத்தேன், அசையவே இல்லை. சாப்பிட முடியவில்லை. பள்ளிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இரண்டு பேருந்து மாறிச் சித்தி வீட்டுக்குப் போனேன்.

சித்தி முதலில், "இத்தனை புத்தகம் படிச்சவ உக்கார ஒரு இடமா கெடைக்கல உனக்கு?" என்று கேட்டார். அதன் பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "வா" என்றார். வழியில் அவர் என்னிடம், வாளியைப் பற்றி மட்டும் சொன்னால் போதும், தெரியாமல் நடந்தது என்று முடிந்துவிடும் என்றார். அப்போது பேருந்து விஷயம் அவருக்குத் தெரியாது. சற்று முன் அந்தப் பக்கத்தைப் படித்தபோது, "இத எழுதித்தான் ஆகணுமா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் ஆமாம் என்றேன். பாதி மட்டும் சொன்னால் அக்கா மறுபடி எனக்காகப் பரிந்து பேச வருவாள், சின்னப் பெண், தெரியாமல் செய்தாள் என்று சொல்வாள். அதைக் கேட்டுக்கொண்டு நான் அவளுடன் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. சித்தி என் பையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

எனவே கேட்டுக்கொள்வது என்னவென்றால், அக்கா இருபத்திரண்டாம் வேலையைச் சரியாகச் செய்தாள். அதற்குச் சாட்சி பென்சில் தாள், வண்டி மாமா, நான். இதைக் கடிகாரத்துக்கு இன்றே தெரிவிக்க வேண்டும். பெண் ஆய்வாளர் என் முன்னாலேயே லாயத்துக்குத் தொலைபேசியில் பேசினார். மறுமுனையில் கடிகாரம், "காலைல ஏழு மணிக்கு வரச் சொல்லுங்க. ஏழுன்னா ஏழு" என்று சொன்னதை ஆய்வாளர் எனக்குத் திருப்பிச் சொன்னார். மேசைக் காலுக்கு அடியில் உள்ள கடிதத்தை இன்று நானே எடுத்து நீவி வைப்பேன். மடிப்புத் தெரியும், ஆனால் எழுத்து அழியவில்லை. என்னைப் பொறுத்தவரை சிறார் நீதிக் குழுமம் முடிவு செய்வதை ஏற்றுக்கொள்வேன்.

இதன் நகல் ஒன்று அக்காவுக்கும் தரப்படும் என்று எழுத்தர் கூறினார். வாளியைப் பற்றி அவளுக்குத் தெரியும். பேருந்தைப் பற்றியும், 'சும்மா'வைப் பற்றியும் அவள் இதிலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். இவ்வளவு பக்கங்களைப் படிக்க அவளுக்கு நேரம் ஆகும். முடிந்த வரை தெளிவாக எழுதியிருக்கிறேன்.

இந்தப் பதினொரு பக்கங்களும் என் கையால், என் நினைவில் உள்ளபடி எழுதியவை. மூன்று இடங்களில் அடித்துத் திருத்தி, ஓரத்தில் கையொப்பம் இட்டுள்ளேன். எழுதச் சொல்லி யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எழுத வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். முழுவதையும் ஒரு முறை படித்துப் பார்த்தேன், உண்மைக்கு மாறாக எதுவும் இல்லை.

(கையொப்பம்)
(பாதுகாவலர் கையொப்பம்: சித்தி)

பின்குறிப்பு: கையொப்பம் இட்டபோது மணி ஆறு நாற்பது. நான் கடைசியாகக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது அக்கா தன் துணிப்பையின் வாரில் பிரிந்திருந்த நூல்களை மூன்றாகப் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தாள். நேரம் குறிக்கச் சொன்னதால் இதையும் குறிக்கிறேன். ஆறு நாற்பத்திரண்டுக்கு வராந்தாவின் விளக்குகள் அணைக்கப்பட்டன, அதன் பிறகு அவள் தெரியவில்லை.